ஊதிக் காட்டு

ஜனவரி 16, வியாழன்

தலைப்பொங்கல் ஒருவழியாக முடிந்தது. மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீர் கொண்டுவந்தார். வெண்கலப் பானை, கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, ஈஸ்வரிக்குச் சேலை, எனக்கு வேட்டி சட்டை, ஒரு கவரில் பணம். எல்லாவற்றையும் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தார். அவர் வாங்கிக் கொடுத்த கார் எங்கள் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அதைக் கடந்து, தோளில் கரும்புக் கட்டோடு அவர் வீட்டுக்குள் வந்ததைத் தெருவே பார்த்தது.

"ஏண்டா காளிராஜ், பஸ் ஸ்டாண்டுக்காவது கார எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள் அம்மா, அவர் காதுபட.

"பாட்டரி டவுன்மா."

ஆவணியில் கல்யாணம் ஆனதிலிருந்து இது நான்காவது காரணம். முதலில் நம்பர் பிளேட் வரவில்லை என்றேன். பிறகு ஐப்பசி மழை, தெருவெல்லாம் சகதி என்றேன். மார்கழியில் புது வண்டியை எடுக்கக்கூடாது என்றேன். அதற்கு அம்மாவே தலையாட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாமனார் சாவியை வாங்கிக்கொண்டு போய்த் தார்ப்பாயை விலக்கினார். ஒரு திருகுதான். வண்டி ஜம்மென்று உறுமியது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஓடாம நின்னா வண்டி கெட்டுப்போயிரும் மாப்ள. சும்மானாச்சும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

இதை எழுதி வைக்கிறேன்: காரை நாங்கள் கேட்கவே இல்லை. அவராக ஆசைப்பட்டுக் கொடுத்தது.

இன்னொன்றும் எழுதுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடன் சங்கத்தில் எழுத்தர்களுக்கு இலவசமாகக் கொடுத்த இந்த டைரியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

ஜனவரி 17, வெள்ளி

ஈஸ்வரி அடுப்படியில் நின்றபடியே அறிவித்துவிட்டாள். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு எல்லோரும் காரில் போகிறோமாம். அம்மா உடனே போனை எடுத்துப் பங்காளி வீடு ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. செத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

சிவகாசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். பெயரை எழுதப் போவதில்லை. சாத்தூரில் சேர்ந்தால் கூரையில் எல் போர்டு வைத்த வண்டியில் நான் தடுமாறுவதை ஊரே வேடிக்கை பார்க்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமே போக முடியாது, அது மாமனார் ஊர். சிவகாசியில் என்னை எவனுக்கும் தெரியாது. இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போனாலும் மானம் மிஞ்சும்.

முதலாளி ஜெயசீலன், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார். அவர் தலைக்கு மேலே 'கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. நான் ஏன் திருப்பிக் கேட்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பணம் மாமனார் கொடுத்த பொங்கல் கவர்தான். சங்கத்தில் ஒரு மாதம் வெளியூரில் ட்ரெய்னிங் போடுகிறார்கள், கட்டணம் கட்டவேண்டும் என்று ஈஸ்வரியிடம் சொன்னேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் கவரோடு கொடுத்தாள்.

ஜனவரி 27, திங்கள்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. அந்தப் போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன்.

முதல் கிளாஸ். காலை ஆறரைக்கு பைபாஸ் முக்கில் வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். வாத்தியார் வினோத்துக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. வண்டி பதினொரு முறை நின்றுபோனது. "சார், கிளச்ச பொசுக்குனு விடாதீங்க, சார், சார்!" என்று கத்தினான். பின்னால் வந்த மினி பஸ்காரன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 31, வெள்ளி

இன்று திருத்தங்கல் வரை ஓட்டினேன்! ஒரு தடவைகூட நிற்கவில்லை. இறங்கும்போது வினோத்திடம், "பரவாயில்லல்ல?" என்றேன்.

"சார், பாதி நேரம் நான்தான் மிதிச்சேன். என் பக்கமும் ஒரு கிளச்சு, ஒரு பிரேக்கு இருக்கு. குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

வினோத்துக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. நாளையிலிருந்து புது வாத்தியார். "பெரியவரு. முப்பது வருச சர்வீஸ். அதட்ட மாட்டாரு, உங்களுக்கு அவருதான் சார் லாயக்கு" என்றான். போகிற போக்கில்கூட ஒரு குத்து.

பிப்ரவரி 4, செவ்வாய்



ஆறரைக்கு பைபாஸ் முக்கில் நின்றேன். எல் போர்டு வண்டி வந்து ஓரங்கட்டியது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஒருவர் இறங்கினார். தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் துண்டையும் தெரியும், துடைக்கிற விதமும் தெரியும். என் மாமனார் தவசிலிங்கம்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. முக்கில் இருந்த இளநீர்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இளநீர்க்காரர், "என்ன சார், காசு விழுந்துருச்சா?" என்றார். "ஆமாண்ணே" என்று மண்ணைத் துழாவினேன். நான்தான் வரப்போகிற ஆள் என்று மாமனாருக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த சீட்டில் நேரமும் இடமும் மட்டும்தான் எழுதியிருக்கும். இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பத்து நிமிடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அவர் ஏன் இங்கே வேலை பார்க்கிறார்? சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்தவர். பூ, தக்காளி, தீப்பெட்டி என்று நாள் முழுக்க ஓடினவர். கல்யாணத்துக்கு முந்தின மாதம் வண்டியை விற்றுவிட்டார். "மூட்டு வலி மாப்ள, இனிமே ஓட்ட முடியாது, வீட்டுல உக்காரப் போறேன்" என்றார். நாங்களும் சரி என்றோம்.

மூட்டு வலிக்காரர் நாள் முழுக்கக் கிளட்ச் மிதிக்கிற வேலைக்கு வருவாரா? தெரியவில்லை. எனக்கு அதை யோசிக்க இப்போது நேரமில்லை.

பிப்ரவரி 5, புதன்

போகவில்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டுமே. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் மூன்று டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

"ட்ரெய்னிங் எப்படிப் போச்சு?" என்றாள் ஈஸ்வரி.

"போச்சு."

பிப்ரவரி 7, வெள்ளி

பணம் திரும்ப வந்துவிட்டது. கோவில்பட்டியில் வேறு ஸ்கூலில் சேர்ந்துகொள்ளலாம்.

மாமனார் கிளாஸுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஆபீசுக்குள் நுழைந்தேன். ஜெயசீலன் முதலில் தலைக்கு மேலே இருந்த போர்டைக் காட்டினார். நான் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. கன்ஸ்யூமர் கோர்ட்டு என்றேன். பேப்பரில் போடுவேன் என்றேன்.

"சார், ஆளு வராம நின்னா பணம் கிடையாது. வாத்தியார் மேல தப்புன்னா மட்டும்தான் குடுப்போம். அப்படி ஏதும் இருந்தா எழுதிக் குடுங்க" என்றார்.

ஏதோ ஒரு காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேச்சு முடிந்தது. பணத்தை இந்த டைரியின் பின்னட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

கார் கழுவினேன். அதுதான் எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த டிரைவிங்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கோவில்பட்டி ஸ்கூலில் விசாரித்தேன். ஏற்கெனவே ஆள் நிறைந்துவிட்டதாம், அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறதாம். பேசாமல் திரும்பினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஈஸ்வரிக்கு அவள் அம்மாவிடமிருந்து போன். பேசப் பேச அவள் முகம் சிவந்தது. போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பா சிவகாசில ஒரு டிரைவிங் ஸ்கூல்ல வேலைக்குப் போறாராம். பத்து நாளா. நம்மகிட்ட மறைச்சிருக்காரு."

"எதுக்கு மறைக்கணும்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா மாப்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சலாம். அதான் யார் கண்ணுலயும் படாத ஊராப் பாத்துப் போயிருக்காரு. வண்டிய வித்ததே மூட்டு வலிக்காக இல்லையாம். நம்ம கார் வாங்கத்தானாம். அம்மா இன்னைக்குத்தான் சொல்லுது."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அங்க எவனோ ஒரு சாத்தூர்க்காரன், எங்கப்பா குடிச்சிட்டு வந்தாருன்னு எழுதிக் குடுத்திட்டானாம். வாயில வாடை அடிச்சுதுன்னு. நான் பொறந்த அன்னைக்கு அய்யனார் கோயில்ல சத்தியம் பண்ணி விட்டவருங்க அவரு. இருபத்தஞ்சு வருசமாச்சு, ஒரு சொட்டு தொட்டதில்ல."

"வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"நிப்பாட்டியிருந்தாக்கூட தேவல. தெனமும் கிளாஸுக்கு ஆள் ஏறுறப்பல்லாம் அவங்க மூஞ்சிக்கு நேரா ஊதிக் காட்டணுமாம். அப்புறம்தான் வண்டிய எடுக்கணுமாம். காலேஜ் புள்ளைங்கல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதாம். ரெண்டு நாளா சோறே எறங்கலயாம் அவருக்கு."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். ஈஸ்வரி எழுந்து வாசலுக்குப் போய், ஒரு பிடி மண்ணை அள்ளித் தெருவில் வீசினாள்.

"எழுதுன கை வெளங்குமா அவனுக்கு? வெளங்குமா? அவன் புள்ளகுட்டி முன்னாடி அவன் இப்படி ஊதிக்கிட்டு நிக்க!"

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "எவனோ, நாசமாப் போறவன். நம்ம ஊர்க்காரனா இருந்துக்கிட்டு, சேய்!"

மண்ணில் கொஞ்சம் காற்றில் திரும்பி என் தட்டில் விழுந்தது. நான் அதோடு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏழாம் தேதி 'ஏதோ ஒரு காரணம்' என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தேன். டைரியில்கூடப் பொய் எழுதுகிறவனை என்ன சொல்ல?

நடந்தது இதுதான். முதலில் 'வாத்தியார் தாமதமாக வந்தார்' என்று எழுதினேன். ஜெயசீலன் உதட்டைப் பிதுக்கினார். 'அதட்டிப் பேசினார்' என்றேன். "இதெல்லாம் பத்தாது சார்" என்றார். அடுத்தது நானே சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை. டிரைவரைப் பற்றி என்ன சொன்னால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் பக்கத்தில்கூட நான் நிற்கவில்லை. இளநீர்க் குவியலுக்குப் பின்னால் இருந்தேன்.

அதை எழுதும்போது அந்த வாத்தியார் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். முதலாளி அதட்டி வைப்பார், அவ்வளவோடு போய்விடும் என்று நினைத்தேன். இல்லை, அதையும் நினைக்கவில்லை. பணம் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

காரைக் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். கேட்டேன். பெண் பார்க்கப் போன அன்று, அவருடைய குட்டியானை வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு பெரிய இவன் மாதிரி பேசினேன். "பதினெட்டு வயசுலயே காரு ஓட்டுவேன் மாமா. நமக்கெல்லாம் காருன்னா உசுரு." ஈஸ்வரி ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்து பேசினது. அவளுக்காகச் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது. "நம்ம சாதி டிரைவர் சாதி மாப்ள, நீங்களும் நம்ம ஆளுதான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 17, திங்கள்

சிவகாசிக்குப் போனேன். மாமனார் கிளாஸுக்குப் போகிறவரை எதிர்க் கடையில் காத்திருந்தேன். அவர் கிளம்புவதைப் பார்த்தேன். ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள். அவர் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்து ஊதினார். அவள் தலையாட்டினாள். வண்டி நகர்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மா எதிரில் உட்காரக்கூட யோசிப்பார்.

ஜெயசீலன் முன்னால் பணத்தை வைத்தேன். "இதை வச்சுக்கங்க. அந்த லெட்டர் மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"ஒருவேளை எனக்குச் சளி பிடிச்சிருந்திருக்கும். வாடை சரியாத் தெரிஞ்சிருக்காது."

பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. சளி என்றேன். சளி!

அவர் சிரித்தார். "விடுங்க சார். உங்களால நல்லதுதான் நடந்திருக்கு. இப்ப மத்த ரெண்டு வாத்தியாரையும் ஊதச் சொல்லிட்டேன். பொம்பளப் புள்ளைங்களப் பெத்தவங்கல்லாம் நம்பி அனுப்புறாங்க. போர்டுலயே எழுதப் போறேன். பணமும் வேண்டாம், அத அன்னைக்கே பெரியவர் சம்பளத்துல புடிச்சாச்சு."

"லெட்டரு?"

"அது என்கிட்ட இல்ல. மறுநாள் காலையிலயே பெரியவர்ட்டக் காட்டினேன். உங்க எல்.எல்.ஆர். நகலோட சேத்துப் பின் பண்ணியிருந்துச்சு. போட்டோவ ரொம்ப நேரம் பாத்தாரு. 'தெரிஞ்ச ஆளா?'ன்னு கேட்டேன். 'தெரியாது மொதலாளி'ன்னுட்டாரு. லெட்டரும் நகலும் தனக்கு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு."

எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. சாத்தூரைத் தாண்டிப் போய் இறங்கி, நடந்து திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எட்டாம் தேதியிலிருந்தே அவருக்குத் தெரியும். தன் பெண்டாட்டியிடம்கூட 'எவனோ ஒரு சாத்தூர்க்காரன்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 22, சனி

சிவராத்திரிக்கு நாலு நாள். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று காலையில் முடிவு செய்தேன். மத்தியானம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என் லட்சணம் இதுதான்.

ஈஸ்வரி பதறிப்போய் எண்ணெய் காய்ச்சித் தடவினாள். அரை மணி நேரம் நீவிவிட்டாள். பிறகு தானே கட்டுப் போட்டாள். மண்ணை வாரித் தூற்றி அவள் சபித்த அதே கை. "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது வலிக்கவில்லை. மற்றதெல்லாம் வலித்தது.

"நீங்க கவலைப்படாதீங்க. எங்கப்பாவ வரச் சொல்றேன், அவரு ஓட்டட்டும். லீவு போட்டுட்டு வருவாரு."

நான் வேண்டாம் என்பதற்குள் போன் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 26, புதன். சிவராத்திரி

மாமனார் காலையிலேயே வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. விரதம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கை எப்படி இருக்கு மாப்ள?" என்று கட்டைப் பார்த்துக் கேட்டார். முகத்தைப் பார்க்க முடியாமல், "பரவால்ல மாமா" என்றேன்.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அம்மாவும் ஈஸ்வரியும். கண்மாய்க் கரைக் கோயிலுக்கு ஒரு மணி நேரம். அவர் ஓட்டும் வண்டியில் நான் உட்கார்வது இதுதான் முதல் தடவை. ஒரு குலுங்கல் இல்லை. அம்மா தூங்கிவிட்டாள். ஈஸ்வரி கதை பேசிக்கொண்டே வந்தாள். திடீரென்று, "அப்பா, இன்னும் ஊதச் சொல்றானா அந்த ஆளு?" என்றாள்.

"அதெல்லாம் பழகிப்போச்சும்மா. விடு."

"எழுதுனவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

"விடும்மா. அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார். ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயிலில் பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பெண்கள் பொங்கல் வைக்க அடுப்புக் கூட்டினார்கள். மாமனார் என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, ஒரு நிமிசம். வண்டியில ஏறுங்க."

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கினார். கோயிலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். விரிந்த வெறும் தரை, அங்கங்கே கருவேலம். வண்டியை நிறுத்தி இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்தார்.

"இங்கிட்டு வந்து உக்காருங்க."

"மாமா, கை..."

"கட்ட அவுத்துருங்க மாப்ள. ஸ்டீயரிங் பிடிக்க வராது."

அவிழ்த்தேன். என் கையில் ஒரு வீக்கமும் இல்லை. அவர் அதைப் பார்க்காத மாதிரி, தன் பையிலிருந்து சிவப்பு எல் ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். தயாராகத்தான் வந்திருக்கிறார். பிறகு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். சீட்டைச் சரிசெய்தார். என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, ஹா என்று ஊதினார்.

ஊதிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கை சட்டென்று வாய்க்குப் போனது. "பழக்கதோசம் மாப்ள. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

பட்டினி வாடை. விபூதி வாடை. வேறொன்றுமில்லை.

நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். "மாமா, அந்தச் சாத்தூர்க்காரன் நான்தான் மாமா. நான்தான் எழுதினேன்."

"தெரியும் மாப்ள."

"தெரிஞ்சும் ஏன் மாமா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவீங்க? என்னாலயும் கேட்டுட்டு உங்க வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. எம்பொண்ணு அங்கல்ல இருக்கா" என்றார். குரலில் கோபம் இருந்தது. அது இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். என் கையெழுத்து. பின்னால் என் திருட்டு மூஞ்சி.

"கிழிச்சுப் போட்ருங்க. வீட்டுல கண்ட எடத்துல கெடந்தா ஈஸ்வரி பாத்துருவா. அதுக்குத்தான் வாங்கி வச்சேன். அவளுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டா." கண்ணாடியைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். "கிளச்ச மிதிங்க. இதுல என் பக்கம் பிரேக் கெடையாது மாப்ள. எல்லாம் உங்க கால்தான்."

நான்கு தடவை நின்றது. ஐந்தாவது தடவை கண்மாயை ஒரு சுற்று சுற்றினேன். கரையில் பங்காளிகள் வரிசையாக நின்று எல் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஈஸ்வரி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஓட்டவே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது" என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

காகிதத்தைக் கிழிக்கவில்லை.

காலையில் ஈஸ்வரி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். நேற்றைய சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "அப்ப அந்த ட்ரெய்னிங்கு, கார் கத்துக்கத்தானா? அடப்பாவி மனுசா! எந்த ஊர்ல?"

கோவில்பட்டி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"சிவகாசி."

சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். நான் டைரியின் பின்னட்டையிலிருந்து பணத்தையும் அந்தக் காகிதத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். என் போட்டோவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால், மண்ணை வாரியிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா என்னடா என்னடா என்று கேட்டாள். அவளுக்கும் சொன்னேன். அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து ஈஸ்வரி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எட்டாம் தேதியிலருந்து நேத்து வரைக்கும் பத்தொம்பது நாளு" என்றாள். "கெளம்புங்க. அந்த ஸ்கூலுக்குப் போறோம். எங்கப்பா இருக்கறப்பவே போறோம். பொய்யின்னு அந்தக் கையாலயே எழுதிக் குடுக்கணும். பணத்த அவர் கையில குடுக்கணும்."

"சரி."

"பத்தொம்பது நாளும் நீங்க ஊதிக் காட்டிட்டுத்தான் இந்த வீட்டுல சாப்பிடணும்."

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரில் நின்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் குறுக்கே பேசவில்லை.

வாயைத் திறந்து ஊதினேன். அவள் முகத்தைத் திருப்பாமல் நின்று பார்த்துவிட்டு, இட்லியை வைத்தாள்.